அக்கரை முடிவும் இக்கரைக் கணக்கும்

‘‘இருபது வயசில் வெளிநாட்டுக்குப் போய், அங்கேயே தங்கியும் விட்டோமே, அது சரியா, தப்பா?’’ இந்தக் கேள்வி போகிற வயசில் யாருக்கும் வருவதில்லை. அறுபதைத் தாண்டி, முட்டி வலிக்க ஆரம்பித்த பிறகுதான் வருகிறது. அக்கரையில் இருப்பவர்களுக்கும் வருகிறது; இக்கரையில் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கும் வருகிறது. இந்த வருஷம் பெண்ணையோ பிள்ளையோ அனுப்பப் போகிற சகோதரிகள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்த இதழில் இதைப் பேசலாம் என்று நினைத்தேன்.

உதாரணத்துக்கு எங்கேயோ போக வேண்டாம். நம் மயிலாப்பூரிலேயே இருக்கிறது. இன்றைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோமே, அது அந்த நாளில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. கடற்கரைப் பக்கம் போய் முடிகிற ரோடு. கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் நொச்சிக்குப்பம். அந்த ரோட்டில் ‘சந்திர விலாஸ்’ என்று ஒரு வீடு. ரயில்வே கணக்குத் துறையில் பெரிய உத்தியோகம் பார்த்த சி. சுப்ரமணிய அய்யருக்கும் சீதாலட்சுமி அம்மாளுக்கும் பத்துக் குழந்தைகள். மூத்த பிள்ளைதான் சந்திரசேகர். பிற்காலத்தில், 1983-ல், இயற்பியலுக்காக நோபல் பரிசு வாங்கியவர்.

அப்பாவுக்குப் பிள்ளை ஐ.சி.எஸ். எழுத வேண்டும் என்று ஆசை. அம்மாதான், பிள்ளைக்கு எதில் மனசோ அதையே படிக்கட்டும் என்று பக்கபலமாக நின்றாள். அந்த அம்மாள் சாமானியப்பட்டவள் இல்லை. இத்தனை குழந்தைகளை வளர்த்துக்கொண்டே, இப்ஸனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவள்.

1930-ல் பிரசிடென்சி காலேஜில் படிப்பு முடிந்தது. கேம்பிரிட்ஜில் மேல் படிப்புக்கு அரசாங்க ஸ்காலர்ஷிப்பும் கிடைத்தது. ஆனால் அம்மா படுத்த படுக்கை. ‘‘பெற்றவள் இப்படிக் கிடக்கும்போது மூத்த பிள்ளை கப்பல் ஏறுவதாவது?’’ என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நம் வீடாக இருந்தால் நாமும் அதைத்தானே சொல்வோம்? ‘போ’ என்று உறுதியாகச் சொன்னவள் அந்த அம்மாள்தான். ஜூலை 31-ந் தேதி பம்பாயில் கப்பல் ஏறும்போது பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. 1931 மே மாதம் அம்மா காலமானாள். லண்டன் போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிற காலம் அது. அம்மாவின் முகத்தைப் பிள்ளை மறுபடி பார்க்கவில்லை.

இனி லலிதாவின் பக்கம் வருவோம். பிரசிடென்சியில் சந்திரசேகரோடு இயற்பியல் படித்த பெண். சிறு வயசிலேயே விதவையாகி, படித்துப் பட்டம் வாங்கி, கடற்கரை ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தினாரே சகோதரி சுப்புலட்சுமி, அவருடைய சகோதரியின் மகள். படிப்பு என்பது அந்த வீட்டில் சாப்பாடு மாதிரி. இவர் கப்பல் ஏறிய பிறகு ஆறு வருஷம் அந்தப் பெண் காத்திருந்தாள். 1936 செப்டம்பரில் கல்யாணம். அடுத்த வருஷமே அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், யெர்க்கீஸ் வானாய்வுக் கூடத்தில் அவருக்கு வேலை. பனி கொட்டுகிற ஒரு சின்ன ஊர். கணவருக்கு ராப்பகலாக ஆராய்ச்சி. லலிதா இயற்பியலைத் தொடரவில்லை. வீட்டையும், கணவருடைய வேலையையும் சுற்றியே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். குழந்தைகள் இல்லை. நோபல் பரிசின்போது எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், மனைவியின் பொறுமையும் துணையுமே தம் வாழ்வின் ஆதாரம் என்ற பொருளில் சந்திரசேகர் எழுதியிருக்கிறார். மனதாரத்தான் எழுதியிருப்பார். ஆனாலும் படிக்கிற நமக்கு, அந்த இயற்பியல் பட்டதாரிப் பெண் வேறு என்னவாகியிருப்பாள் என்று ஒரு நிமிஷம் தோன்றாமல் போகுமா?

அங்கே எல்லாம் பூ விரித்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இவர் வகுப்பு எடுப்பதற்கு, நிறத்தைக் காரணமாக வைத்து ஒரு டீன் ஆட்சேபித்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அதை ஏற்காததால்தான் காரியம் நடந்தது. நடுவில் உலக யுத்தம் வேறு. பல வருஷங்கள் ஊர்ப் பக்கம் வரவே முடியவில்லை. 1953-ல் இருவரும் அமெரிக்கப் பிரஜைகள் ஆனார்கள். மயிலாப்பூரில் இருந்த அப்பாவுக்கு அது பெரிய மனத்தாங்கல்.

கவனித்தீர்களா, சகோதரிகளே? ‘அங்கேயே தங்கிவிடப் போகிறேன்’ என்று சொல்லி அவர் கப்பல் ஏறவில்லை. 1930-ல் படிக்கப் போனார். 1933-ல் டிரினிடி கல்லூரியில் ஆராய்ச்சிப் பதவி கிடைத்தது, இருந்தார். 1937-ல் வேலை. 1953-ல் பிரஜா உரிமை. நான்கு தனித்தனி முடிவுகள். ஒவ்வொன்றும் அந்தச் சமயத்தில் நியாயமானதுதான். சேர்த்துப் பார்க்கும்போதுதான் ‘வெளிநாட்டில் தங்கிவிட்டார்’ என்று ஆகிறது. இன்றைக்கு எம்.எஸ். படிக்கப் போகிற நம் பிள்ளைகள் கதையும் அச்சு அசல் இதேதான்.

திரும்பிப் பார்த்தபோது அவருக்கு என்ன தோன்றியது? தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பேராசிரியர் கே.சி. வாலியிடம் வயதான காலத்தில் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். 1991-ல் வந்த புத்தகம் அது. ஒரே இலக்கை நோக்கி ஓடினால் கடைசியில் ஒரு நிறைவும் அமைதியும் கிடைக்கும் என்று நம்பியிருந்தது பெரும்பாலும் கைகூடவில்லை என்கிறார். நோபல் பரிசு வாங்கிய மனிதர் சொல்கிறார்! வெளிநாடு போனதால்தான் இப்படி என்று நான் சொல்ல மாட்டேன். இங்கேயே இருந்திருந்தாலும் அவர் சுபாவத்துக்கு அப்படியே தோன்றியிருக்கலாம். நம் குழந்தைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஊர் மாறினால் வேலை கிடைக்கும், வசதி கிடைக்கும், மனசு நிறைவது தனி சமாசாரம். 1995-ல் அவர் சிகாகோவில் காலமானார். 1999-ல் அவர் பெயரில் ‘சந்திரா’ எக்ஸ்ரே தொலைநோக்கி விண்ணுக்குப் போனது. லலிதா நூறு வயசைத் தாண்டி வாழ்ந்து, 2013-ல் மறைந்தார்.

‘‘அது பெரிய மனுஷர்கள் கதை’’ என்பீர்கள். சரி, லூப் ரோட்டுக்கு வாருங்கள். நொச்சிக்குப்பத்தில் எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அம்மாள் ஒருத்தி. 2023 ஏப்ரலில் ரோட்டோரக் கடைகளை எடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்ததே, அப்போது மறியலில் உட்கார்ந்தவர்களில் அவளும் ஒருத்தி. 2024 ஆகஸ்டில் திறந்த புது மார்க்கெட்டில் இப்போது வியாபாரம். அவளுடைய இளைய மகன் வளைகுடா நாட்டில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். ‘‘பையன் நல்லா இருக்கானா?’’ என்று கேட்டேன்.

‘‘இருக்கான்மா. பணம் அனுப்பறான். ஆனா ஒண்ணு. கடலுக்குப் போன பெரியவன் எப்போ கரைக்கு வருவான்னு காத்தப் பாத்தே சொல்லிடுவேன். ஏரோப்ளேன்ல போனவன் எப்போ வருவான்னு எந்தக் காத்தப் பாத்து சொல்றது?’’

சீதாலட்சுமி அம்மாளுக்கும் இதே கேள்விதான் மனசில் இருந்திருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு. வளைகுடாவில் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பிரஜா உரிமை கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்கு வந்தாக வேண்டும். தங்குவதா, திரும்புவதா என்ற குழப்பம் அந்தப் பையனுக்கு இல்லை, அமெரிக்கா போகிறவனுக்குத்தான்.

ஆகையால், அனுப்பும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய சில விஷயங்கள்:

1. ‘மூன்று வருஷம் கழித்து மறுபடி பேசுவோம்’ என்று இப்போதே ஒரு கெடு வையுங்கள். திரும்பி வரச் சொல்லி வற்புறுத்த அல்ல. அடுத்த முடிவு தானாக நடந்துவிடாமல், தெரிந்து எடுக்க வேண்டும் என்பதற்காக.

2. வீட்டில் உள்ள வியாதியை மறைக்காதீர்கள். ‘குழந்தை கவலைப்படும்’ என்று பி.பி.யையும் சர்க்கரையையும் ஒளித்து வைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு போன் செய்வது அன்பு ஆகாது. சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, பார்க்கும் டாக்டர், அவசரத்துக்கு ஓடி வரும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒன்றைப் பிள்ளையிடம் கொடுங்கள், ஒன்றை பீரோ கதவில் ஒட்டுங்கள்.

3. கல்யாணமாகிக் கணவனோடு போகிற பெண்ணின் படிப்பு என்ன ஆகும்? அமெரிக்காவில் ஹெச்-4 விசாவில் போகிற மனைவி நினைத்த மாத்திரத்தில் வேலைக்குப் போய்விட முடியாது. கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் சிலருடைய துணைவர்களுக்கு 2015-ல் அனுமதி கொடுத்தார்கள், அவ்வளவுதான். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே விசாரியுங்கள். ஜாதகம் பார்ப்பதுபோல இதையும் பாருங்கள்.

4. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அந்நியப் பிரஜை ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். 2005 முதல் இருக்கும் ஓ.சி.ஐ. அட்டையால் வந்து போகலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிற்பாடு மனத்தாங்கல் குறையும்.

5. வெயில் குறைந்த தேசங்களில் நம் நிறத்துக்கு ‘டி’ வைட்டமின் சீக்கிரம் குறையும். சைவச் சாப்பாடானால் பி-12-ம். உடம்பு வலியும் சோர்வுமாக இருந்தால் ‘ஊர் ஞாபகம்’ என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்கிறபடி கேட்கட்டும்.

6. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற சகோதரிகள், அரசே நடத்தும் ஆள்சேர்ப்பு நிறுவனம் மூலமாக மட்டுமே போங்கள். பத்தாவது தேறாத பெண்கள் அப்படிப் போக முப்பது வயசு நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. ‘டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே பார்த்துக்கலாம்’ என்பவனை வாசற்படி ஏற்றாதீர்கள்.

இவ்வளவும் பேசிய பிறகு அனுப்பலாமா, வேண்டாமா? அது உங்கள் வீட்டு விஷயம். மனசுக்குள் ‘வேண்டாம்’ என்று வைத்துக்கொண்டு வாயால் ‘போய் வா’ என்று சொன்னால், அந்தக் குறை ஒவ்வொரு போனிலும் எட்டிப் பார்க்கும். அனுப்புவதானால் சீதாலட்சுமி அம்மாளைப் போல முழு மனசோடு அனுப்புங்கள். அனுப்ப மனசில்லையென்றால், டிக்கெட் வாங்கும் முன்பே அதை நேராகச் சொல்லிவிடுங்கள். குழந்தைகள் வருத்தப்படுவார்கள், ஆனால் புரிந்துகொள்வார்கள்.