'ஊட்டா ஆய்த்தா?'

பெங்களூருவில் நண்பகலுக்குப் பின் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் எழும் கேள்வி, "ஊட்டா ஆய்த்தா?" என்பதே. எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களும் அன்போடு அவ்வாறே கேட்பதுண்டு. "ஆயிற்று" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைத் தொடர்வோம். அப்பதில் உண்மைதானா என்று எவரும் சரிபார்ப்பதில்லை.

இந்நகரில் கல்லூரியில் பயிலும் என் தங்கை மகள், ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அதே பதிலைச் சொல்லி வந்தாள். மதிப்பெண் குறையவில்லை; கலகலப்பும் குறையவில்லை. உடல் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு திருமண வீட்டில், "மெலிந்து அழகாகிவிட்டாயே!" என்று பாராட்டியவன் நான்தான். சில மாதங்களில் அவள் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். இருப்பாய்வின் இரு பக்கங்களும் ஒத்துவருவதாலேயே கணக்கு சரியாகிவிடாது என்பது வணிகவியல் மாணவர்களின் தொடக்கப் பாடம். அந்தப் பாடத்தை நான் வீட்டில் மறந்திருந்தேன்.

உணவுக் கோளாறு என்பது பிடிவாதமன்று, நாகரிக மோகமுமன்று. அது நோய். 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயரை லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-ஆம் ஆண்டிலேயே வழங்கினார். மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் இதுவும் ஒன்று. ஆண்களும் இதற்கு விலக்கல்லர்.

மருத்துவர், உணவியல் வல்லுநர், உளவியலாளர் ஆகியோரின் சிகிச்சையோடு, வாரம் ஒருமுறை ஓவியக் குழுவிலும் அவள் சேர்க்கப்பட்டாள். "படம் வரைந்தால் நோய் தீருமா?" என்று நானும் கேட்டேன். தனியாக அது தீர்க்காது. மருத்துவத்துக்கு அது மாற்றுமன்று. ஆனால், சொல்ல வாய் வராதவற்றுக்கு அது வழி திறக்கிறது. காசநோய் மருத்துவமனையில் ஓவியம் தீட்டித் தேறிய ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், 1942-இல் 'கலைச் சிகிச்சை' என்னும் சொல்லை உருவாக்கியதும் தம் சொந்த அனுபவத்திலிருந்துதான்.

அக்குழுவில் எழுவர். ஒருநாள், தம் உடல் எவ்வளவு பெரியது என்று தாம் கருதுகிறார்களோ, அந்த அளவில் பெரிய தாளொன்றில் கோடு வரையச் சொன்னார்கள். பிறகு அதே தாளின்மேல் படுக்கவைத்து, உண்மையான உடலைச் சுற்றிக் கோடிட்டார்கள். இரு கோடுகளுக்கும் இடையே இருபுறமும் ஒரு சாண் இடைவெளி! "மாமா, ஏழு பேர் தாளிலும் அந்த இடைவெளி இருந்தது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்" என்றாள். (அவள் சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.) ஒளிவுமறைவில் வளரும் நோய்க்கு, அதே துன்பம் உடைய மற்றோர் ஆறு பேரின் துணை பெரிய மருந்து. எனினும், யார் மெலிந்தவர் என்ற போட்டி அங்கும் முளைக்கக்கூடும். ஆகவே எடை, கலோரிப் பேச்சுக்கு இடங்கொடாத, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உடனிருத்தல் இன்றியமையாதது.

வங்கியாளன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும், பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருகின்றன. மாதக்கணக்கில் நீளும் ஆலோசனைக்கும் குழு அமர்வுக்கும் ஆகும் செலவு குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. மயங்கி விழுந்தால் பணம் உண்டு, விழாமல் காப்பதற்கு இல்லை என்பது நல்ல கணக்காகாது. புறநோயாளிச் சிகிச்சையையும் காப்பீட்டு நிறுவனங்கள் பரவலாக ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. அதுவரை, உங்கள் பாலிசியில் அப்பிரிவு உண்டா என்று இன்றே பாருங்கள்; அவசரகாலச் சேமிப்பில் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

முதல் உதவிக்குப் பணமே தேவையில்லை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட, நம் நகரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தை மைய அமைப்பாகக் கொண்ட 'டெலி மனாஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

அவள் இன்னும் முழுமையாகக் குணமடையவில்லை. சில வாரங்கள் முன்னேற்றம். சில வாரங்கள் பின்னடைவு. யாருடைய உடலைப் பற்றியும் இப்போது நான் கருத்துச் சொல்வதில்லை. ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்குச் செல்கிறேன். "சாப்பிட்டாயா?" என்று அவளிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன், அவளுக்குப் பக்கத்தில் இலை போட்டு அமர்ந்து, உடன் உண்கிறேன்.