பழைய காருக்குப் பயோடீசலா?

டீசல் விலையைப் பார்க்கும்போது, பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பயோடீசல் மீது கண் போவது இயல்பு. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடியது உண்மைதான். அதற்காக, வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி டேங்கில் ஊற்றினால் அது பயோடீசல் ஆகிவிடாது. மெத்தனாலுடன் வினைபுரியவைத்து, கிளிசரினைப் பிரித்து, கழுவி, ஈரம் நீக்க வேண்டும். இல்லையேல் இன்ஜெக்டரில் கரி படியும்.

தரமான பயோடீசலிலும் வில்லங்கம் உண்டு. அது நல்ல கரைப்பான். டேங்கின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்த கசடைக் கிளப்பி ஃபில்டரை அடைக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்களை உப்பவைத்துக் கசியச் செய்யும். பாமாயிலில் தயாரானது ஊட்டிக் குளிரில் கெட்டிப்பட்டுவிடும். ஹோஸ்களை மாற்றி, உபரி ஃபில்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, குறைந்த கலப்பில் தொடங்குவதே விவேகம்.

2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்பது 2018ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. பயோடீசலுக்கென்று காட்டாமணக்கை நம்பி நட்டவர்களின் ஏமாற்றம் நமக்கு நினைவிருக்கிறது. இனி நம்பத்தக்க மூலப்பொருள், உணவகங்கள் கழிக்கும் எண்ணெய். அது மீண்டும் வாணலிக்குத் திரும்பாதபடி நகராட்சிகளே சேகரிக்கட்டும். பயோடீசல் விற்கும் ஒவ்வொரு பங்கிலும் கலப்பு விகிதத்தையும் தரச் சான்றையும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதிவைப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.