1 லட்சம் எங்கே, 200 எங்கே?

பள்ளிக்கூட வாசலில் ஒரு கடைக்காரர் மின்சிகரெட் விற்றுப் பிடிபட்டால், முதல் முறையே ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். அதே கடையில் சாதா சிகரெட் விற்றால்? கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்ற விதியை மீறியதற்கு அதிகபட்சம் 200 ரூபாய். முன்னது 2019ஆம் ஆண்டுச் சட்டம், பின்னது 2003ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டுமே நடப்பில் உள்ளவை.

மின்சிகரெட்டைத் தடை செய்தது தவறல்ல. பழ வாசனையோடு, பென்டிரைவ் வடிவில் வரும் கருவி யாரைக் கவர வருகிறது என்பதை ஊகிப்பது கடினமில்லை. மத்திய அரசுக்கு முன்பே, 2018இல், தமிழ்நாடு அதைத் தடை செய்துவிட்டது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டத்தை அறிவித்தது. அன்றைக்கே பங்குச் சந்தையில் சிகரெட் நிறுவனப் பங்குகளின் விலை ஏறியது. அவற்றில் பெரியதான ஐடிசியில், அரசின் எல்ஐசிக்குக் கணிசமான பங்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

புதிய எதிரியிடம் காட்டிய வேகம் பழைய எதிரியிடம் இல்லை. 2016-17ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 26.7 கோடிப் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது பீடி, கைனி, குட்கா, சிகரெட். இந்த நிலையில் 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடி மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பைக் காரணம் காட்டலாம். அவர்களுக்குத் தேவை கூலி உயர்வும் மாற்று வேலையும். பீடி மலிவானால் லாபம் அவர்கள் கைக்கு வந்துவிடுமா என்ன?

தடை ஆணை மட்டும் போதாது என்பதற்குக் குட்காவே சாட்சி. தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. வியாபாரிகளோ பான்மசாலாவையும் புகையிலையையும் தனித்தனிப் பொட்டலமாக விற்று, வாங்குபவரையே கலந்துகொள்ளச் செய்தார்கள். மின்சிகரெட்டிலும் அதே கதைதான்: சட்டம் வந்து மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2023 மே மாதம், தடையை மீண்டும் நினைவூட்டி மத்திய சுகாதார அமைச்சகம் பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

பிரிட்டன் வேறு வழியில் போனது. பெரியவர்கள் சிகரெட்டைக் கைவிட மின்சிகரெட் உதவட்டும் என்று அனுமதித்தது. சிறுவர்களிடம் பரவவே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. அந்த வழி இங்கே ஒத்துவராது. 200 ரூபாய் அபராதத்தையே ஒழுங்காக வசூலிக்காத ஊரில், வயது பார்த்து மின்சிகரெட் விற்பார்கள் என்று யார் நம்புவது? விட நினைப்பவருக்கு மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. ஆனால் தெருமுனை டீக்கடையில் ஒற்றை சிகரெட் அதைவிடச் சுலபமாகக் கிடைக்கிறதே.

சிகரெட்டை ஒற்றையாக விற்பதைத் தடுக்கவும், வாங்கும் வயதை 21 ஆக்கவும், அபராதத்தைக் கூட்டவும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு திருத்த வரைவை மத்திய அரசே தயாரித்து, 2021 தொடக்கத்தில் மக்களிடம் கருத்தும் கேட்டது. அந்த வரைவைத் தூசி தட்டி நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும்.