வீட்டுப் பட்டறை: கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டுதல்



பிழைப்பு நிமித்தம் வடக்கே வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில், ஊரிலிருந்து வந்த பொருள் ஒன்றேனும் இருந்தே தீரும். சிலர் வீட்டில் ஆட்டுக்கல். சிலர் வீட்டில் பாட்டி தந்த பித்தளை அண்டா. எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள். திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற என் தந்தையார் 1994-ஆம் ஆண்டில் வாங்கிய 350 சி.சி. புல்லட் அது. முழங்கால் வலியால் அவரால் கிக்கரை மிதிக்க இயலாமற் போகவே, சென்ற ஆண்டு ரயில் பார்சலில் நாகபுரிக்கு வந்து சேர்ந்தது.

பார்சலில் ஏற்றும் வண்டியின் டாங்கில் பெட்ரோல் இருத்தலாகாது என்பது விதி. பார்சல் அலுவலகக் குமாஸ்தாவாகிய நான் இதைத் தினந்தோறும் பிறருக்குச் சொல்லுகிறவன். ஆயினும் என் வண்டி வந்ததும் இரண்டு லிட்டர் ஊற்றி வீட்டுக்கு ஓட்டி வந்தேன். பதிவை இந்த மாநிலத்துக்கு மாற்றும் காகிதங்கள் முடியும்வரை ஏழு மாதம் அப்படியே நிறுத்திவிட்டேன். பின்னர் மிதித்தால், சோக்கை இழுத்தால் மட்டும் உறுமிற்று. சோக்கைத் தள்ளியதும் நின்றது. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் சொட்டிற்று. பார்த்த மெக்கானிக் ஒருவர், "பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். தந்தையாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஏம்பா, பைலட் ஜெட்டைக் கழட்டிப் பார்த்தியா? இல்ல, கழட்டாமலே குறை சொல்றியா?"

கழற்றியதில் நான் கற்றதையே இம்மாதம் எழுதுகிறேன்.

கார்புரேட்டரின் வேலை எளியது. கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். காற்று விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழிருக்கும் மருந்து குழாய் வழியே மேலேறித் துளித்துளியாய்ச் சிதறுகிறது. இங்கும் அதுவே. இன்ஜின் உறிஞ்சும் காற்று குறுகிய தொண்டை வழியே பாய, சிறு துளையுள்ள ஜெட்டின் வழியே பெட்ரோல் மேலேறிக் கலக்கிறது. நிறைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். 1893-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பொறியாளர்களான பாங்கி, சோன்கா என்னும் இருவர் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு முறை பிடித்துக்கொண்டது. ஆயினும் பழைய வண்டிகள் இன்னும் நம் வாசல்களில் நிற்கின்றன.

என் வண்டிக்கு வந்த நோயின் காரணம் இது: டாங்கின் குழாயை மூடினேனேயன்றி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கிய பெட்ரோலை வடிக்கவில்லை. அது மெல்ல ஆவியாகி, பிசின்போன்ற படிவை விட்டுச்சென்றது. அப்படிவு முதலில் அடைப்பது மிக நுண்ணிய பைலட் ஜெட்டை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தருவது அதுவே. மேலும், 2023 முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்ப் பகுதிகளுக்கும் ஆகாது. ஆகவே நெடுநாள் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலைத் தங்கவிடுதல் முன்னிலும் கேடானது.

கழற்றுமுன் பிளக்கையும் காற்று வடிகட்டியையும் சோதியுங்கள். பிளக்கில் பொறி இல்லாமலோ, வடிகட்டி தூசியால் அடைந்தோ இருக்க, கார்புரேட்டரின்மேல் பழி போடுவோர் பலர். அவை சரியாக இருந்தால், குழாயை மூடி, பெட்ரோல் ரப்பர்க் குழாயை எடுத்து, அடிக்கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்தி, தகர டப்பாவில் வடித்துக்கொள்ளுங்கள். டாங்கிலிருக்கும் பழைய பெட்ரோலையும் எடுத்துவிடுங்கள். அதைச் சாக்கடையில் ஊற்றலாகாது.

இங்கே என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். மாலை நேரம், வராந்தாவில் உட்கார்ந்து வேலை செய்தேன். வடித்த டப்பாவை மூடாமல் அருகில் வைத்திருந்தேன். என் மனைவி உள்ளிருந்து ஓடிவந்து, "வாசல்ல விளக்கு ஏத்தி வச்சிருக்கேங்க, இங்க பெட்ரோலைத் திறந்து வச்சிருக்கீங்களே!" என்று கூறி, விளக்கை அமர்த்தினாள். ஐந்தடி தூரம் இருக்கிறதே என்று நான் நினைத்தது அறியாமை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் சமையலறையும் வராந்தாவும் அடுத்தடுத்து இருக்கும் நம்மவர்க்கு இது உயிர்போன்ற விஷயம். பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், விளக்கு, அடுப்பு, ஊதுவத்தி, சிகரெட் எதுவுமின்றிச் செய்யுங்கள். குழந்தைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

இனி வேலை. மேல்மூடியைத் திருகி எடுத்தால், திராட்டில் கம்பியோடு உருளையும் ஊசியும் வெளிவரும். ஊசியின் காடிகளில் எதில் கிளிப் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு கார்புரேட்டரைக் கழற்றி, வெள்ளைத் துணியில் ஒவ்வொரு பகுதியையும் எடுத்த வரிசையில் வையுங்கள். கைப்பேசியில் படம் பிடித்தலும் நன்று. காற்றுத் திருகை எடுக்குமுன், மென்மையாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். ஜெட்டுகள் பித்தளை, ஆகவே காடியில் நன்கு பொருந்தும் திருப்புளியே வேண்டும். மிதவையின் ஆணியைப் பலமாகத் தட்டாதீர்கள்.

ரப்பர் வளையங்களை எடுத்தபின் கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்துக் கழுவி, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். எஃகுக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் செலவு மிகும். மின்கம்பியின் ஒற்றைச் செப்பு இழை போதும். மிதவை ஊசியின் முனையில் வட்டமாகத் தேய்வு தெரிந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் சொட்டுவதன் காரணம் பெரும்பாலும் அதுவே. கேஸ்கெட்டுகளையும் புதியனவாகப் போடுங்கள்.

கழற்றிய வரிசையின் தலைகீழ் வரிசையில் பூட்டுங்கள். உருளையின் வெட்டுப்பக்கம் காற்று வடிகட்டியை நோக்க வேண்டும். பெட்ரோல் குழாயைத் திறந்து, ஐந்து நிமிடம் கசிவு உண்டா என்று பார்த்த பிறகே மிதியுங்கள்.

சரிசெய்தல் இன்ஜின் சூடேறிய பின்னரே. காற்றுத் திருகை முதலில் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து, வேகத்திருகால் சற்று வேகங்கூட்டி, காற்றுத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இருபுறமும் திருப்பிப் பாருங்கள். சத்தம் எங்கே மிக வேகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, வேகத்தைக் குறையுங்கள். காற்று வடிகட்டிப் பக்கத்தில் உள்ள திருகானால், வெளியே திருப்பக் காற்று மிகும். உள்ளே திருப்பப் பெட்ரோல் மிகும். இன்ஜின் பக்கத்தில் இருந்தால் இது நேர்மாறாகும். சில நாள் ஓட்டியபின் பிளக்கின் பீங்கானைப் பாருங்கள்: வெளிர் காப்பி நிறம் நலம், கரி படிந்தால் பெட்ரோல் மிகை, சுண்ணாம்பு வெண்மை என்றால் காற்று மிகை. பின்னது இன்ஜினைச் சூடேற்றிக் கெடுக்கும்.

அன்று என் ஒன்பது வயது மகன் அருகே நின்றான். வீட்டில் இந்தியே மிகுதியாகப் பேசுகிறவன், திருப்புளி, குறடு, மிதவை, காடி என்று கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுத்தான்.

இன்ஜின் ஓடியதும் தந்தையாரை அழைத்து, கைப்பேசியைப் புகைக்குழாயருகே பிடித்தேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. இணைப்பு அறுந்ததோ என்று எண்ணினேன். பிறகு, "நடுவுல நடுவுல டப்புனு தட்டுது பார். காத்து ஜாஸ்தி. கால் சுத்து உள்ள வை" என்றார்.

கால் சுற்று உள்ளே வைத்தேன். சத்தம் சீராயிற்று.

வண்டியை நீண்ட நாள் நிறுத்தும் அன்பர்கள், இன்றே அடிக்கிண்ணத்தை வடித்துவிடுங்கள். அடுத்த மாதம் கிளட்ச் கம்பியைக் கவனிப்போம்.