உளவியலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்



அமெரிக்க மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் பற்றிய உங்கள் கட்டுரையில் உளவியல், சமூகவியல் பகுதிக்கு ஒரே பத்திதான் கிடைத்தது. 2015-இல் சேர்ந்த இப்பகுதியில் 95 நிமிடத்தில் 59 கேள்விகள். மொத்த மதிப்பெண்ணில் மற்ற மூன்று பகுதிகளுக்கு உள்ள அதே பங்கு இதற்கும் உண்டு.

இத்தேர்வுக்குப் பாடம் சொல்லித் தருபவள் நான். கலைச்சொற்களைக் கடைசி நேரத்தில் உருப்போட்டால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எதிர்மறை வலுவூட்டல் என்றதும் தண்டனை என்று குறித்துவிடுகிறார்கள். தலைவலிக்கு மாத்திரை போட்டதும் வலி போகிறது. அடுத்த முறை வலித்தால் கை தானாக மாத்திரையைத் தேடுகிறது. வேண்டாத ஒன்று விலகியதால் பழக்கம் வலுப்பட்டது. இதுதான் எதிர்மறை வலுவூட்டல். அபராதம் கட்டிய ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தால், அது தண்டனை. தேர்வில் பெரும்பாலும் வரையறையைக் கேட்பதில்லை. ஓர் ஆய்வை விவரித்து, அதில் நடப்பது எது என்று கேட்கிறார்கள். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த உதாரணத்தோடு சொல்லிப் பார்ப்பதே சரியான திருப்புதல்.

வருமானமும் வசிப்பிடமும் ஒருவரின் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பதும் இப்பகுதியில் அடங்கும்; அது நாளைய மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். எனவே இப்பகுதிக்கென்று, மாதிரிக் கேள்விகளுடன் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகி, நியூ ஜெர்சி