குடும்பப் பக்கம்: தீயும் இரும்புப் பெட்டியும்

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்கள் பெரும்பாலானவற்றில், பீரோவின் மேல் தட்டிலோ கட்டிலுக்கு அடியிலுள்ள தகரப் பெட்டியிலோ, துணிப்பையில் சுற்றிய கட்டு ஒன்று இருக்கும். தஞ்சையிலோ நெல்லையிலோ உள்ள காணி நிலத்தின் கிரயப் பத்திரம், பாட்டனார் காலத்துப் பாகப் பிரிவினைப் பத்திரம், பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், திருமணப் பதிவுச் சான்று, தாயார் கைப்பட எழுதி வைத்த ஜாதகக் குறிப்புகள் என அதில் அடங்கியவை பல. ஊரிலேயே இருப்போருக்கு ஒரு தாள் தொலைந்தால் பதிவு அலுவலகம் பக்கத்து ஊரில் இருக்கும். நமக்கோ அதே காரியத்திற்கு இரண்டு நாள் ரயில் பிரயாணமும், மேலதிகாரியிடம் கெஞ்சிப் பெறும் விடுப்பும், காவல் நிலையத்தில் ஒரு புகாரும், பத்திரிகையில் ஒரு விளம்பரமும் வேண்டியிருக்கும். மூலப் பத்திரம் இல்லாத நிலத்தை விலைக்கு வாங்க வருவோரும், அதன் பேரில் கடன் தர முன்வரும் வங்கியும் தயங்குவது இயல்பு.

ஆகவே, "சிறு செலவில் நல்ல இரும்புப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே. விடை கூறுமுன் அவர்களை ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பெட்டி எதற்கு அஞ்சி வாங்கப்படுகிறது? கள்வனுக்கு அஞ்சியா, தீக்கு அஞ்சியா? இரண்டுக்கும் ஒரே பெட்டி போதும் என்று எண்ணுவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

கள்வனைத் தடுப்பது இரும்பின் கனமும் பூட்டின் உறுதியும். தீயின் முன் அந்த இரும்பே எதிரியாகி விடும். உலோகம் வெப்பத்தைத் தடையின்றி உள்ளே கடத்துவது. ஆதலால் வெறும் தகட்டால் ஆன பீரோ, தீப்பற்றிய அறையில் நிற்கும்போது ஓர் அடுப்பாகவே ஆகிறது. காகிதம் எரிவதற்குச் சுடர் அதைத் தொட வேண்டுமென்பதில்லை. ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது தானே கருகிவிடும். பற்றி எரியும் அறையின் வெப்பமோ இதைப்போல் மூன்று நான்கு மடங்கு. பீரோவினுள் இருக்கும் சிறு 'லாக்கர்' அறையும் அதே தகடுதான். அதற்குத் தனிச் சாவி உண்டு என்பதைத் தவிர வேறு காப்பு ஏதுமில்லை. நம் வீடுகளில் நிலவும் நம்பிக்கைகளுள் பீரோவைப் பற்றிய நம்பிக்கை மிகப் பெரியது. அதைச் சற்றுக் குறைத்துக் கொள்வது நல்லது.

தீயைத் தாங்கும் பெட்டியின் இரகசியம் அதன் சுவரினுள் இருக்கிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் ஜிப்சம் அல்லது அதைப் போன்ற நீர் பொதிந்த கலவையை நிரப்புகின்றனர். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர். கைக்கு அது உலர்ந்த கல்லாகவே தோன்றும். ஆனால் வெப்பம் ஏறியதும் அந்நீர் ஆவியாக வெளிப்படும். நீர் ஆவியாவதற்கு மிகுந்த வெப்பம் செலவாகுமாதலால், அது முழுதும் வெளியேறும் வரையில் பெட்டியின் உட்புறம் காகிதம் கருகும் நிலையை எட்டாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் பெட்டி செய்வோர் படிகாரத்தையும் மரத்தூளையும் கலந்து நிரப்பி இதே உபாயத்தைக் கையாண்டனர்.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். அந்த நீர் ஒரு முறைக்கு மட்டுமே உதவும். ஒரு தீயைக் கண்ட பெட்டி, வெளியே வர்ணம் பூசிப் புதிதாகத் தோன்றினாலும், உள்ளே செலவழிந்த சரக்குதான். மும்பையின் சோர் பஜாரிலும் ஏனைய நகரங்களின் பழைய இரும்புக் கடைகளிலும் கம்பீரமான பழம் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. பித்தளைக் கைப்பிடியும் பூ வேலையும் கண்ணைக் கவரும். அவற்றுள் நிரப்பியது யாது, எத்தனை ஆண்டுகளாக உலர்ந்து கிடக்கிறது என்பதை விற்பவரும் அறியார். நகைக்கு அவை உதவலாம். தீக்கு அஞ்சுவோர் அவற்றை நாடாதிருத்தல் நலம்.

பம்பாய்த் துறைமுகத்தில் 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்னும் கப்பல் வெடித்து, சுற்றுப்புறம் தீக்கிரையாயிற்று. அவ்வட்டாரத்துக் கட்டிடங்களில் இருந்த தங்கள் பெட்டிகள் சிலவற்றில் காகிதங்கள் கெடாமல் கிடைத்தன என்று கோத்ரெஜ் கம்பெனியார் பெருமையுடன் கூறி வருகின்றனர். அது உண்மையாக இருக்கலாம். எனினும் அக்கம்பெனியின் பெயர் பொறித்த ஒவ்வொரு பொருளும் தீயைத் தாங்கும் என்று அதனால் ஆகிவிடாது. அவர்கள் விற்பனை செய்யும் சாதாரண பீரோ வேறு. தீத்தாங்கும் பெட்டி வேறு.

பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை எப்படிப் படிப்பது? 'ஃபயர் புரூஃப்' என்ற சொல்லுக்கு மட்டும் மதிப்பில்லை. எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி, சோதித்தவர் யார் என்ற மூன்றும் இருத்தல் வேண்டும். அமெரிக்காவின் யூ.எல். 72 என்னும் சோதனையில், உலையின் வெப்பம் ஒரு மணி நேரத்தில் 900 டிகிரியைக் கடக்கும். அப்பொழுதும் பெட்டியின் உட்புறம் 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் சிறு பெட்டிகளுக்கென்றே இ.என். 15659 என்னும் தரம் உண்டு. அரை மணி, ஒரு மணி என்று இரு வகை. நம் நாட்டில் ஐ.எஸ். 550 என்ற எண் இரும்புப் பெட்டிகளுக்குரியது. ஆயினும், களவுக்கான சோதனையும் தீக்கான சோதனையும் வெவ்வேறு என்பதை மறத்தல் ஆகாது. ஒரு சீட்டைக் காட்டி, "முத்திரை இருக்கிறதே, ஐயா!" என்று கடைக்காரர் சொல்வாராயின், எந்தச் சோதனைக்குரிய முத்திரை என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கி வைக்கும் பெட்டிகளிலும் இதே குழப்பம் உண்டு. அவற்றுள் பலவற்றுக்குப் பொதுச் சோதனை நிலையம் அளிக்கும் சான்று களவைப் பற்றியது மட்டுமே; தீயைப் பற்றி அருகில் அச்சிட்டிருப்பது செய்தவரே வைத்துக் கொண்ட கணக்காக இருக்கும்.

சீட்டு இல்லாத கடையில் ஓர் அளவு நாடாவே போதும். பெட்டியின் வெளி அகலத்தையும் உள் அகலத்தையும் அளந்து கழித்துப் பாருங்கள். வித்தியாசம் விரற்கடைக்கும் குறைவாயின், சுவரினுள் நிரப்புவதற்கு இடமே இல்லை. எண் பலகை பொருத்திய, ஓட்டல் அறைகளில் காணும் சிறு பெட்டிகள் இவ்வகையினவே. அவை சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அதே கொள்ளளவுள்ள தீத்தாங்கும் பெட்டி பல மடங்கு விலை, பல மடங்கு எடை. கதவின் ஓரத்தையும் தடவிப் பார்த்தல் வேண்டும். நல்ல பெட்டியில், சூடேறினால் உப்பி இடுக்கை அடைக்கும் பட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது இல்லையேல் புகையும், தீயணைப்போர் பாய்ச்சும் தண்ணீரும் உள்ளே புகும்.

கடைக்குச் செல்கையில் வீட்டிலுள்ள பழைய முத்திரைத்தாளின் அளவையும் குறித்துச் செல்க. ஏ4 தாளுக்கென்று செய்த சிறு பெட்டியில், அதைவிட நீண்ட அந்தத் தாளை மடித்துத்தான் வைக்க நேரிடும். ஐம்பதாண்டுக் காகிதம் மடிப்பு மடிப்பாக முறியும்.

இனிச் செலவைச் சுருக்கும் வழிக்கு வருவோம். தீயினின்று காக்க வேண்டியவை எவை என்று பிரித்தால், பெரும்பாலான குடும்பங்களில் அது ஒரு சாண் உயரக் கட்டுதான். பொன்னுக்குத் தீத்தாங்கும் பெட்டி தேவையில்லை. சுத்தத் தங்கம் உருகுவது 1064 டிகிரியில். நகைத் தங்கம் அதற்குச் சற்றுக் கீழே. உருகினாலும் பொன் பொன்னே. கூலியும் சேதாரமும்தான் போகும். முத்து அப்படியன்று, அதைக் காகிதத்தோடு சேர்க்க வேண்டும். நகையை வங்கிப் பெட்டகத்தில் வைப்பதே பெரும்பாலோர்க்குச் சிக்கனம். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, களவு, கட்டிடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை. ஆண்டு வாடகை மூவாயிரமாயின் மூன்று இலட்சம். அதற்கு மேல் நகை வைத்திருப்போர் இக்கணக்கை மனத்திற் கொள்ளுதல் நலம்.

நகை வங்கிக்குச் சென்றுவிட்டால் வீட்டுப் பெட்டி களவைத் தடுக்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. அப்பொழுது பெரும் பெட்டி வேண்டாம். கையில் தூக்கக்கூடிய, சாவியிட்ட தீத்தாங்கும் சிறு பேழையே போதும். மாற்றல் உத்தரவு வந்தால் மூன்றாண்டுக்கு ஒரு முறை ஜாம்ஷெட்பூரினின்று விசாகப்பட்டினத்திற்கும் அங்கிருந்து நாகபுரிக்கும் சாமான் கட்டும் குடும்பங்களுக்கு இதுவே உகந்தது என்பது என் கருத்து. எண்பது கிலோப் பெட்டியை மூன்றாம் மாடிக்கு ஏற்றும் கூலியே பாதி விலையைத் தின்றுவிடும். மும்பையில் மரத்தளமிட்ட பழைய சாளிகளில் குடியிருப்போர் கனத்த பெட்டியை வைக்குமுன் கட்டிடத்தாரைக் கேட்பதும் அவசியம்.

அரை மணியா, ஒரு மணியா என்பது அடுத்த வினா. தீயணைப்பு வண்டி தங்கு தடையின்றி வந்து சேரும் அகன்ற தெருவில் கான்கிரீட் வீடாயின் அரை மணி போதுமெனலாம். சந்து பொந்துகளில் குடியிருப்போர் வேறு செலவைக் குறைத்தாவது ஒரு மணியை நாடுதல் வேண்டும். பெட்டியைச் சமையலறையை ஒட்டியும், மின்சார மீட்டர்ப் பலகைக்கு அடியிலும் வைக்காதீர்கள்.

காகிதத்திற்கென்று செய்த பெட்டியை நம்பி 'பென் டிரைவ்', 'ஹார்ட் டிஸ்க்' போன்றவற்றை அதில் வைப்பது பயனற்றது. 177 டிகிரி காகிதத்திற்குத் தாங்கும், அவற்றுக்குத் தாங்காது. கணினித் தட்டுகளுக்கென்று உள்ள பெட்டிகள் 52 டிகிரிக்குள் உட்புறத்தைக் காப்பவை. விலையும் அதற்கேற்ப உயரும். அவ்வளவு செலவிடுவதற்குப் பதில் மற்றொரு பிரதியை ஊரிலுள்ள தம்பி வீட்டிலோ தங்கை வீட்டிலோ வைத்துவிடலாம். பத்திரங்களுக்குப் பதிவு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, கோயிலும் கலியாணமும் போக அரை நாளை அதற்கு ஒதுக்குங்கள். அரசினர் 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றுகளை அதில் சேர்த்துக் கொண்டால், பெட்டியின் பாரம் இன்னும் குறையும். ஆயினும் கையெழுத்தும் முத்திரையும் இட்ட மூலப் பத்திரத்துக்கு ஈடாக நகலைக் கருதலாகாது, பெட்டி அதற்காகத்தான்.

நீர் பொதிந்த சுவருடைய பெட்டியினுள் ஈரம் தங்கும். மும்பை மழைக்காலத்தில் இரண்டு மாதம் திறவாதிருந்தால் காகிதம் பூஞ்சை பிடிக்கும். 'சிலிக்கா ஜெல்' பொட்டலம் ஒன்றை உள்ளே இட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை கதவைத் திறந்து காற்றாட விடுவது போதும். பிளாஸ்டிக் உறைகளில் இட்டு வைப்போர், தீயின்போது அவை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவிற் கொள்க. கெட்டிக் காகித உறையே நல்லது.

எண் பூட்டுடைய பெட்டியோடு மின்கலம் தீர்ந்தால் திறப்பதற்கென்று ஒரு சாவி தருவார்கள். அதைப் பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடும் புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். சாவி வெளியே இருக்க வேண்டும். அது இருக்குமிடமும் பூட்டின் எண்ணும் இல்லத்தரசிக்கும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத் தலைவர் ஒருவரே அறிந்த எண், அவர் வெளியூரில் இருக்கும் நாளில் யாருக்கும் உதவாது.

தீ நேர்ந்து அணைந்த பின்பு, பெட்டி என்னவாயிற்றோ என்ற பதைப்பில் உடனே திறந்துவிடாதீர்கள். உள்ளே கருகும் நிலைக்குச் சற்றே கீழாக நிற்கும் காகிதம், சுவரிலிருந்து தொடர்ந்து வரும் சூட்டாலும் புதிதாகப் புகும் காற்றாலும் அந்தக் கணமே பற்றிக்கொள்ளக் கூடும். வெளிப்புறம் கைக்குக் குளிர்ந்த பின்னும் மேற்கொண்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். திறக்கும்போது தாள்கள் நனைந்திருந்தால் வெயிலில் காய வைக்காமல், நிழலில், மின்விசிறியின் கீழ், ஒன்றோடொன்று ஒட்டாதபடி விரித்து உலர்த்துங்கள்.