தலையை எண்ணினால் போதுமா?

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது நாம் தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறோம். நம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் வராமல், அவ்விடங்களில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்து உட்கார்ந்திருந்தாலும் எண்ணிக்கை சரியாகவே இருக்கும் அன்றோ? இந்த எளிய உண்மையை மறந்ததனால் நம் காவேரித் தாய்க்கு நேர்ந்த நஷ்டத்தை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

காவேரியிலும் அதன் உபநதிகளிலும் மட்டுமே பிறந்து வளரும் பெருமீன் ஒன்று உண்டு. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மஹ்ஸீர் வகையில், முதுகில் திமில் போன்ற கூனுடையது அது. 1946-ஆம் ஆண்டில் கபினி நதியில் தூண்டிலில் அகப்பட்ட மஹ்ஸீர் ஒன்று 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ, எடையிருந்தது.

மீன் குறைந்து வருவதைக் கண்டு கவலைப்பட்டவர்கள், 1970-களிலிருந்து, பண்ணையில் பொரித்த நீலத் துடுப்பு மஹ்ஸீர்க் குஞ்சுகளைக் காவேரியில் விட்டார்கள். அதுவும் பாரத நாட்டு மீனே. ஆயினும் காவேரிக்கு அயல். அவர்கள் எண்ணத்தில் குறையில்லை. விளைவு என்ன ஆயிற்று?

கர்நாடகத்தில் காவேரிக் கரையில் உள்ள காலிபோரே என்னுமிடத்தில் தூண்டில் விளையாட்டுக்காரர்கள், பிடித்த மீனை நிறுத்து, குறித்துக்கொண்டு, மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. 1998 முதல் 2012 வரை அவ்வாறு எழுதிய குறிப்பேடுகளில் 6,000-க்கும் மேற்பட்ட மீன்கள் பதிவாகியுள்ளன. பிற்காலத்தில் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்தபோது, மணிக்கணக்கில் அகப்படும் மீன்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது! மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர், "நதி செழிக்கிறது" என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் சராசரி எடையோ குறைந்துகொண்டே வந்தது. இனம் பிரித்துப் பார்த்ததும் மர்மம் விளங்கியது. பெருகியது நீலத் துடுப்பு மீன். கூன்முதுகு மீனோ அருகிக்கொண்டே வந்தது. வந்தவனால் வீடு நிறைந்திருந்தது, வீட்டுக்காரனைக் காணோம்!

இதனினும் வருந்தத்தக்க விஷயம் ஒன்றுண்டு. இத்தனை புகழ் படைத்த மீனுக்கு 2018-ஆம் ஆண்டு வரையில் நிலையான சாஸ்திரப் பெயர் கிடையாது. கேரளத்துப் பாம்பாற்றில் முன்பே கண்டு பெயரிட்டிருந்த 'டோர் ரெமாதேவி' என்னும் இனமே இது என்று அவ்வாண்டில்தான் நிச்சயித்தார்கள். அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. பெயரே இல்லாத பிள்ளைக்கு ஆஜர் எடுப்பது எங்ஙனம்?

அணைகளும், மணல் கொள்ளையும், வெடி வைத்து மீன் பிடிக்கும் பாதகமும் இந்த மீனை நெருக்குகின்றன. ஆயினும் அது அடியோடு மறைந்துவிடவில்லை. நம் மோயாற்றில் இன்னும் சில எஞ்சியுள்ளன.

ஆகவே, ஒரு நதியின் நலத்தை அறிய விரும்புவோர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை மீன்? எவ்வளவு பெரிது? எந்த இனம்? முதற் கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். எண்ணுவது எளிது, இன்னார் என்று அறிந்து எண்ணுவதே காவல். நம் நதியின் சொந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்பொழுதாவது கற்றுக்கொள்வோமாக. "உள்ளேன்" என்று பதில் சொல்ல அது இருக்கும்போதே கூப்பிட வேண்டும்.